மறு: ‘யோக்’ என்பதற்கு மஞ்சள் கருவா, கருவூணா?

குழுவினருக்கு வணக்கம். முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கான உணவுச் சேமிப்பை ஆங்கிலத்தில் ‘யோக்’ (yolk) என்கிறார்கள். அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> கோழி முட்டையில் மஞ்சள் கரு என்கிறோம். மீனுக்கும் அதுவே போதாதா? பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, அடுக்களையில் அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். நாம் மொழிபெயர்ப்பது நார்வேயின் காட் மீனைப் பற்றிய கட்டுரை. லோஃபோட்டன் கடலில் அது இடும் முட்டை ஏறக்குறைய 1.4 மி.மீ.தான், வெந்த சவ்வரிசியை விடத் தெளிவானது. நுண்ணோக்கியில் வைத்தால் குஞ்சின் கண் தெரியும், முதுகுத்தண்டு தெரியும். யோக் இருக்கும் இடமோ வெறும் நீர் போல இருக்கும். எண்ணெய்த்துளிகூடக் கிடையாது. (எண்ணெய் இல்லாமலே அந்த முட்டை மிதக்கிறது, இடுவதற்கு முன் அது ஏற்றிக்கொள்ளும் நீர்தான் காரணம்.) இதை மஞ்சள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது கருவும் அல்ல. கரு அதன்மேல் ஒட்டிக்கொண்டு வளர்கிறது.

என் பரிந்துரை ‘கருவூண்’: கருவுக்குத் தாய் கட்டிக்கொடுத்த ஊண். யோக் சாக் என்பது ‘கருவூண் பை’.

‘சேமக் கொழுப்பு’ என்ற இன்னொரு பரிந்துரையை நான் ஏற்காததற்குக் காரணம் உண்டு. கொழுப்பு என்றதும் எரித்துத் தீர்க்கும் எரிபொருள்தான் நினைவுக்கு வரும். காட் முட்டையின் கொழுமியத்தில் (லிப்பிட், அதாவது கொழுப்புவகைப் பொருள்கள்) பெரும்பகுதி பாஸ்போ கொழுமியம், செல் சவ்வைக் கட்டும் பாஸ்பேட் சேர்ந்த வகை. அதில் ஒரு பங்கு எரிகிறது. மற்றொரு பங்கு புதுச் செல்களுக்குச் சவ்வாகிறது. குளிர்கடலில் அந்தச் சவ்வு இறுகிவிடக் கூடாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு கூடுவதால் வரும் வேறுபாடு அது. 22 கரிம அணுக்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் இதில் இன்னும் ஒரு படி மேலே. குஞ்சின் விழித்திரையும் மூளையும் அதை வாங்கிச் சேர்த்துக்கொள்கின்றன. எரிவதையும் உடம்பாவதையும் சேர்த்துச் சொல்ல ‘ஊண்’ போல வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஊண், ஊன் என்று தட்டச்சில் குழப்பம் வரும் என்ற அச்சம் நியாயமானது. ‘கருவூன்’ என்றால் கருவின் தசை என்று பொருள் மாறிவிடும். ஆனாலும் ‘ஊண் உறக்கம் இல்லாமல்’ என்பது எல்லோர் வாயிலும் வரும் வழக்கு. முதல் முறை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் ‘கருவின் உணவு’ என்று சேர்த்துவிட்டால் போதும்.

நீலகிரியின் அவலாஞ்சி பொரிப்பகத்தில் டிரவுட் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன். தட்டின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். வயிற்றில் ஆரஞ்சு நிறப் பை, அதற்குள் எண்ணெய்த்துளிகள் மின்னும். அதுவும் கருவூண் பைதான். நிறத்தைத் தனியே சொல்லிக்கொள்ளலாம்: டிரவுட்டுக்கு ஆரஞ்சு நிறக் கருவூண், காட் மீனுக்கு நிறமற்ற கருவூண். ‘நிறமற்ற மஞ்சள் கரு’ என்று எழுதும் நிலை நமக்கு வராது.