சுருளே இல்லாத சுருள்வில்: ஒரு கலைச்சொல் விவாதம்

(மலேசியாவின் ஐந்து ஊர்களிலிருந்து நண்பர்கள் எழுதிக்கொண்டவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர்.)

பூச்சோங்கிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்காகப் ஃபார்முலா ஒன் பந்தயக் கார் எஞ்சின் பற்றிய விளக்கப் பலகை வரைவு தயாராகிவிட்டது. 1967இல் சண்ட்வோர்ட்டில் தன் முதல் பந்தயத்திலேயே வென்ற காஸ்வொர்த் நிறுவனத்தின் டிஎஃப்வி எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுழற்சியில் ஓடியது. அதே காஸ்வொர்த்தின் 2.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் 2006இல் 20,000ஐத் தொட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் பலகையின் சாரம்.

ஒரே ஒரு சொல் இடிக்கிறது. வால்வை (சிலிண்டருக்குள் காற்றும் புகையும் போய்வரும் வழியின் கதவை) மூட எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவை வைக்கும் முறையை ரெனோ 1986இல் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. பந்தய வீரர் செனா ஓட்டிய லோட்டஸ் 98டி காரின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் அது. நியூமேட்டிக் வால்வு ஸ்பிரிங் என்ற இந்தப் பெயருக்கு 'காற்றழுத்தச் சுருள்வில்' என்று எழுதியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். பலகை அச்சுக்குப் போக வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து:

அண்ணே, நீங்கள் இணைத்த குறுக்குவெட்டுப் படத்தில் சுருள் எங்கே இருக்கிறது? வால்வுத் தண்டின் தலையில் ஒரு சின்னப் பிஸ்டன், அதைச் சுற்றி ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் வாயு, ஓரத்தில் சீல். அவ்வளவுதான். கேம் (சுழலும் தண்டில் மூக்குபோல் புடைத்த பகுதி) வால்வைக் கீழே தள்ளும்போது கிண்ணத்திலுள்ள வாயு நசுங்குகிறது. கேமின் மூக்கு தாண்டியதும் அந்த வாயு வால்வை மேலே தூக்கி மூடுகிறது. இதற்குப் போய்ச் 'சுருள்வில்' என்றால், இல்லாத ஒன்றைப் பிள்ளைகள் படத்தில் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

கணக்குக்காகச் சொல்கிறேன்: அந்தப் பிஸ்டனின் விட்டம் 25 மி.மீ., உள்ளழுத்தம் 10 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் பத்து மடங்கு) என்று வைத்தால், மூடிய நிலையிலேயே சுமார் 490 நியூட்டன் விசை கிடைக்கும். அதாவது 50 கிலோ எடை. வால்வு முழுக்கத் திறக்கும்போது அறையின் கொள்ளளவு பாதியானால் அழுத்தம் இரு மடங்கோடு நிற்காது, ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். நசுங்கும் வாயு சூடேறுவதுதான் காரணம். ஆக விசை 1,200 நியூட்டனைத் தாண்டும். எந்த இடத்தில் அதிகப் பிடி தேவையோ, அங்கே தானாகவே பிடி கூடுகிறது.

பாயான் லெப்பாஸிலிருந்து:

தம்பி சொல்வது வெறும் படப் பிரச்சினை இல்லை. சுருள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிரே.

எஃகு ஸ்பிரிங் ஏன் தோற்றது? இரண்டு காரணம். முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: வால்வைத் திருப்பி இழுக்கத் தேவைப்படும் விசை சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 9,000 சுழற்சி 18,000 ஆனால் விசை நான்கு மடங்கு வேண்டும். கம்பியைத் தடிமனாக்கினால் சுருளின் எடையும் கூடுகிறது. அந்தச் சுருளில் ஒரு பங்கு வால்வோடு சேர்ந்து ஆடுவதால், அதையும் இழுக்க இன்னும் விசை வேண்டும். வேலைக்கு ஆள் வைத்து, அந்த ஆளுக்குச் சோறு போட இன்னோர் ஆள் வைத்த கதை.

இரண்டாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். சுருளுக்கென்று ஓர் இயல் அதிர்வெண் உண்டு. அது 500 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 15,000 சுழற்சியில் ஓடும்போது கேம் தண்டு அதில் பாதி, அதாவது வினாடிக்கு 125 முறை சுற்றும். 125ஐ நான்கால் பெருக்கினால் 500. கேமின் நான்காம் மடங்கு அதிர்வு சுருளின் அதிர்வோடு சேர்ந்துகொள்கிறது. மேல்முனையும் கீழ்முனையும் இருந்த இடத்தில் இருக்க, நடுச் சுற்றுகள் மட்டும் அலைபோல் மேலும் கீழும் ஓடும். அந்த நொடியில் ஸ்பிரிங் தரும் விசை நாம் கணக்குப் போட்ட விசையாக இருக்காது. கம்பியும் சோர்ந்து முறியும். ஆங்கிலத்தில் ஸ்பிரிங் சர்ஜ் என்கிறார்கள். நான் முன்மொழிவது: சுருளலை.

இப்போது பாருங்கள். 'சுருளலை' என்ற சொல் இருந்தால், வாயுவில் அது ஏன் இல்லை என்று தனியாக விளக்கவே வேண்டாம். சுருளே இல்லை, அதனால் சுருளலையும் இல்லை. அந்த இடத்தில் போய் 'காற்றழுத்தச் சுருள்வில்' என்று எழுதினால் நாமே நம் விளக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்.

செந்தூலிலிருந்து:

அம்மா அழகாகச் சொன்னீர்கள். சுருள்வில் என்ற சொல்லில் 'சுருள்' அடைமொழி, 'வில்'தான் பெயர். அடைமொழியைக் கழற்றினால் பெயர் உடையாது. நம் பாட்டன்மார் வில்வண்டி என்றார்கள். மாட்டு வண்டிக்கு அடியில் இருந்தது பட்டை பட்டையாக அடுக்கிய எஃகு. அதில் சுருள் ஏது? வளைத்தால் ஆற்றலை வாங்கிக்கொண்டு, விட்டால் திருப்பித் தருவது வில். வேடன் கையில் இருந்தாலும் வண்டிக்கு அடியில் இருந்தாலும் வேலை ஒன்றுதான். எனவே சுருள்வில், பட்டைவில், முறுக்குவில் என்ற வரிசையில் இதை 'வளிவில்' என்று வைக்கலாம்.

வளி என்ற சொல் பிள்ளைகளுக்கு வளிமண்டலம் வழியாக ஏற்கனவே அறிமுகம். புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோனை 'வளி தொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். காற்றை வேலை வாங்கியவன் என்று பொருள். நியூமேட்டிக் என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தோன்றவில்லை.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

ஐயா கோபிக்கக் கூடாது. இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, நம் ஊரில் ள, ல, ழ மூன்றும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. 'வளிவில்' என்று மேடையில் சொன்னால் பாதிப் பேருக்கு 'வலி' என்று கேட்கும். இரண்டு, உள்ளே இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். காற்று என்று சொல்லலாமா? வளிமம் என்றால் வாயு, வளி என்றால் காற்று என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால் 'ஏர் ஸ்பிரிங்' என்று எழுதிவிட்டுப் போகலாம். பட்டறையில் யாரும் வேறு எதையும் சொல்லப் போவதில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து:

பட்டறைக்காக நான் பேசலாம். எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் ரப்பர்ப் பையை இங்கே எல்லாரும் 'ஏர் பேக்' என்கிறார்கள். விபத்தில் விரியும் பைக்கும் அதே பெயர். புது ஆளிடம் 'ஏர் பேக் மாற்று' என்றால் எங்கே கையை வைப்பான்? பஸ்ஸில் இருப்பதும் வளிவில்தான். ஒரே சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்தினால் அது நல்ல சொல்.

நைட்ரஜன் விஷயம்: காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதானே. உலர்ந்த நைட்ரஜனை ஏன் போடுகிறார்கள் என்றால், ஈரம் இல்லை, கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் ஆக்சிஜனும் இல்லை. வளி என்று சொல்வதால் பொருள் கெட்டுப்போகாது.

பலகையில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: இது கெட்டால் என்ன ஆகும். எஃகு ஸ்பிரிங் முறிந்தால் பெரும்பாலும் ஒரு வால்வோடு போகும். வளிவில்லில் எல்லா வால்வுக்கும் ஒரே வாயு வழி. சீல் தேய்ந்து கசிந்தால் காரிலுள்ள சிறு கலன் அதை ஈடுகட்டிக்கொண்டே வரும். கலன் தீர்ந்தால் வால்வைத் தூக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. வால்வு கீழே தொங்கும், எஞ்சினின் பெரிய பிஸ்டன் வந்து இடிக்கும், எஞ்சின் முடிந்தது. பந்தய நடுவில் காரை நிறுத்தி மெக்கானிக் வாயு ஏற்றுவது இதனால்தான்.

நேர்மாறான கோளாறும் உண்டு. எண்ணெய் சீலைத் தாண்டி அறைக்குள் ஏறினால், எண்ணெய் நசுங்காது. வாயுவுக்கான இடம் குறையும், வால்வு முழுக்கத் திறக்கும்போது அழுத்தம் கணக்கைத் தாண்டி ஏறும், கேமும் சீலும் சேர்ந்து அடிவாங்கும். அதனால் எண்ணெய் வெளியேற வழியும் வைத்தாக வேண்டும்.

எஞ்சினை எழுப்பும் முறையும் வேறு. முதலில் வெளிச் சிலிண்டரை இணைத்து ரெகுலேட்டர் வழியாக அழுத்தம் ஏற்ற வேண்டும். அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடான நீரை எஞ்சினுக்குள் ஓடவிட்டு உடம்பைச் சூடாக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த நிலையில் இடைவெளிகள் அவ்வளவு இறுக்கம். அதற்குப் பிறகுதான் சுற்ற விட வேண்டும். அழுத்தம் இல்லாமல் கையால் கிராங்கைத் திருப்பினாலும் ஆபத்து.

பாயான் லெப்பாஸிலிருந்து:

வரைவில் ஒரு பிழை கண்ணில் பட்டது. 'எஃகுச் சுருள் 13,000 சுழற்சிக்கு மேல் தாங்காது' என்ற வரியை அப்படியே விடக் கூடாது. ஹோண்டாவின் இரட்டை சிலிண்டர் 50 சிசி பந்தய மோட்டார் சைக்கிள் 1966இலேயே எஃகு ஸ்பிரிங்கோடு 21,000ஐத் தாண்டியது. அதன் ஸ்டிரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 25 மி.மீ. அளவு, வால்வு சட்டைப் பொத்தான் மாதிரி. எடை இல்லாததைத் திருப்பி இழுக்க என்ன பாடு? வேகம் மட்டும் எல்லை இல்லை. வால்வின் எடையும் அது திறக்கும் உயரமும் வேகத்தோடு சேர்ந்துதான் எல்லை. 2006இன் வி8இல் சிலிண்டர் விட்டம் 98 மி.மீ. வரை அனுமதி. ஸ்டிரோக் 40 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அந்த விட்டத்துக்கான பெரிய வால்வை வினாடிக்கு 160 தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். அங்கேதான் வளிவில் இல்லாமல் முடியாது.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

பஸ் உதாரணம் கேட்டதும் என் ஆட்சேபத்தில் பாதி போய்விட்டது. 'வலி' என்று கேட்பது மிச்சம், ஆனால் அது எழுத்தில் வராது. சரி, ஏற்கிறேன்.

இனி வால்வு ஃப்ளோட். வரைவில் 'வால்வு மிதப்பு' என்று இருக்கிறது. எதில் மிதக்கிறது? எண்ணெயிலா?

செந்தூலிலிருந்து:

மிதப்பு கூடாதுதான். சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்தால் இப்படித்தான் ஆகும். உண்மையில் என்ன நடக்கிறது என்று பட்டறைத் தம்பி சொல்லட்டும், சொல்லை நாம் பார்த்துக்கொள்வோம்.

பட்டர்வொர்த்திலிருந்து:

இரண்டு வேறு சங்கதி, ஐயா. கேமின் மூக்கைத் தாண்டும்போது ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்க முடியாமல் வால்வு கேமை விட்டுக் கிளம்பிப் போவது ஒன்று. பிறகு தாமதமாக வந்து இருக்கையில் (மூடும்போது வால்வு அமரும் விளிம்பில்) மோதி, மறுபடி ஒரு சிறு திறப்பு திறப்பது இன்னொன்று. முதலாவதில் பிஸ்டனோடு இடிக்கும் அபாயம். இரண்டாவதில் அமுக்கம் கசியும், இருக்கை அடிவாங்கும், வால்வுத் தலை கழுத்தில் முறியும். இங்கே பையன்கள் 'வால்வு எகிறுது' என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளுக்கு இதற்காகக் கடினமான ஸ்பிரிங் வாங்கிப் போடுகிறார்களே, அதில் பார்க்க வேண்டியதையும் பலகையின் ஓரத்தில் போடுங்கள். வால்வு முழுக்கத் திறந்த நிலையில் சுருளின் சுற்றுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது, மொத்தம் 1 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். தேவைக்கு மேல் கடினமாகப் போட்டால் மெதுவாக ஓடும்போதே கேம் மூக்கு தேயும். சக்தியும் உராய்விலேயே போகும்.

செந்தூலிலிருந்து:

சொல் உங்கள் பையன்கள் வாயிலேயே இருக்கிறது. கேமை விட்டுக் கிளம்புவது வால்வு எகிறல். இருக்கையில் மோதித் தெறிப்பது வால்வு துள்ளல்.

பாயான் லெப்பாஸிலிருந்து:

எகிறல், துள்ளல் இரண்டும் பிரமாதம். அப்படியே டெஸ்மோட்ரோமிக்குக்கும் ஒன்று வேண்டும். வில்லே இல்லாமல் இன்னொரு கேம் வால்வை இழுத்து மூடும் முறை. மெர்சிடிஸ் டபிள்யூ196 பந்தயக் கார் 1954இல் அதோடு வந்தது. டுகாட்டி இன்றும் அதை விடவில்லை. செப்பாங்கில் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகும் பிள்ளைகள் கேட்பார்கள். மற்ற அணிகள் வளிவில்லில் ஓட, டுகாட்டி மட்டும் அதில் ஓடுகிறது. 'இழுகேம் முறை' போதுமா?

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

போதும். எகிறலுக்கு இடமே இல்லை என்பதும் அதில் தெரிகிறது.

பூச்சோங்கிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. திருத்திய பத்தி இது:

'வால்வை மூடும் சுருள்வில், சுழல்வேகம் கூடும்போது தன் எடையாலும் சுருளலையாலும் பிடி இழக்கிறது. வால்வு எகிறுகிறது, துள்ளுகிறது. 1986இல் ரெனோ சுருளை எடுத்துவிட்டு வளிவில் வைத்தது. 2002இல் மோன்சாவில் பிஎம்டபிள்யூ வி10 19,000ஐத் தாண்டியது. 2006இல் 20,000. விதிகள் 2007இல் 19,000 என்றும் 2009இல் 18,000 என்றும் வரம்பிட்டன. 2014இன் டர்போ வி6க்கு 15,000 அனுமதி இருந்தது. ஆனால் மணிக்கு 100 கிலோ எரிபொருள் என்ற உச்சம் 10,500 சுழற்சியிலேயே எட்டிவிட்டதால், அதற்கு வெகுதூரம் மேலே போய்ப் பயனில்லாமல் போனது.'

ஒரு சந்தேகம் மட்டும். பன்மையில் 'வளிவிற்கள்' என்று எழுதுவதா?

செந்தூலிலிருந்து:

கல், கற்கள் போல இலக்கணப்படி அது சரிதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளை படிக்கும் பலகையில் 'வளிவில்கள்' என்றே இருக்கட்டும். 'வால்வு'க்குப் பதிலாக 'ஓரதர்' போடச் சொல்லி யாராவது வருவதற்குள் அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.