தைப்பூசத்துக்குத் தொலைநோக்கியா, டியூசனா?

ஆயர் ஈத்தாம் குமரன்:
பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துல நம்ம குழு போடுற தண்ணீர்ப் பந்தல் பக்கத்துல ஒரு தொலைநோக்கி வைக்கலாம்னு கேட்டேன். குழுவுல பாதிப் பேருக்கு இஷ்டமில்ல. அந்தக் காசை எஸ்பிஎம் (படிவம் 5 அரசுத் தேர்வு) டியூசனுக்குக் கொடுக்கணுங்கிறாங்க. அதான் இங்க எல்லார் கருத்தையும் கேக்குறேன்.

தைப்பூசமே வானத்தைப் பார்த்துக் குறிச்ச நாள். தை மாசம் சூரியன் மகரத்துல. பௌர்ணமின்னா நிலா அதுக்கு நேர் எதிர்ல, கடகத்துல இருக்கணும். பூச நட்சத்திரம் கடகத்துலதான் இருக்கு. அத்தனை லட்சம் பேர் அந்த நிலாவுக்குக் கீழ நடந்து போறாங்க. மேல இருக்கிறது என்னன்னு தமிழ்ல சொல்ல அங்க ஒரு ஆள் வேணாமா?

பிறை டீச்சர்:
குமரன் தம்பி, பௌர்ணமி அன்னைக்குத் தொலைநோக்கி வச்சு என்ன காட்டப் போறீங்க? சூரிய ஒளி நேரா விழும், பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. நிலா வெறும் வெள்ளித் தட்டாத்தான் தெரியும். பூசத்துக்கு ஒட்டினாப்ல இருக்கிற, தேன்கூடுன்னு சொல்ற அந்த அழகான விண்மீன் கூட்டமும் நிலா வெளிச்சத்துல அமுங்கிப் போயிடும்.

ஆனா என் வருத்தம் அதுல்ல. எத்தனை அறிவியல் விழாவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கேன்! சமையல் சோடாவுல வினிகர் ஊத்தி எரிமலை பொங்கும், எல்லாரும் கை தட்டுவாங்க, படம் எடுப்பாங்க, பேனரைச் சுருட்டுவாங்க. அதே பிள்ளைங்க படிவம் 4ல அட்மேட்ஸும் (கூடுதல் கணிதம்) பிசிக்ஸும் பயந்து விட்டுடுறாங்க. சனிக்கிழமை தவறாம ஒரு வகுப்பு நடந்தா நாலு பிள்ளையாவது நிக்கும்.

ஆயர் ஈத்தாம் குமரன்:
டீச்சர், பள்ளம் தெரியாது, சரி. ஆனா தைக்கோ பள்ளத்துல இருந்து நாலா பக்கமும் ஓடுற வெள்ளைக் கோடுகள் பௌர்ணமியிலதான் பளிச்சுன்னு தெரியும். அந்த விண்மீன் கூட்டம் ஏறக்குறைய 600 ஒளியாண்டு தூரம். மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்துல புறப்பட்ட ஒளி. ரெண்டு வாரம் கழிச்சு, நிலா இல்லாத ராத்திரியில, பாலிக் பூலாவ் பக்கம் ஏதாவது திடல்ல வச்சு அதைக் காட்டலாம்.

டியூசனுக்கு வர்ற பிள்ளை ஏற்கனவே பாதி தூரம் வந்துட்ட பிள்ளை. நான் நினைக்கிறது வராத பிள்ளையை, அதோட அம்மா அப்பாவை. ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடத்துல டெக் டோம் அறிவியல் மையத்தை 2016ல திறந்தாங்க. அக்கரையில நிபோங் திபால்ல இருந்து பஸ் மாறி எத்தனை குடும்பம் வரும்? தைப்பூசத்துக்கு எல்லாரும் வர்றாங்களே.

பழைய காவடி:
நான் ரொம்ப வருஷமா அங்க தொண்டு செய்றவன். விரதம் இருந்து பால்குடம் எடுத்து 500க்கு மேல படி ஏறப் போற மக்களை வழியில நிறுத்தாதீங்க. பக்திக்கு வந்த இடத்துல பாடம் வேண்டாம். வைக்கிறதா இருந்தா, சாமி பார்த்துட்டு இறங்கி வர்ற பாதையில, ஓரமா வைங்க. நெரிசல் வந்தா உடனே எடுத்துடணும்.

சுங்கை பாக்காப் தனம்:
ஐயா சொல்ற இடம்தான் சரி. டீச்சருக்கு ஒரு விஷயம் சொல்லணும். 2019 டிசம்பர் 26 கிரகணத்தப்போ எங்க வரிசை வீடுகள்ல எல்லாரும் கதவைச் சாத்திட்டாங்க. நான் வாசல்ல வடிதட்டைப் பிடிச்சேன். சிமெண்டுத் தரையில ஒவ்வொரு ஓட்டைக்கும் பாதி மறைஞ்ச சூரியனோட பிம்பம் ஒரு பிறையா விழுந்துச்சு, நூறு குட்டிப் பிறை. முதல்ல பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் பேரனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வெளிய வந்துட்டாங்க. வகுப்புன்னு கூப்பிட்டிருந்தா அவங்க வந்திருக்கவே மாட்டாங்க. 2031 மே 21 கங்கண கிரகணம், சூரியன் வளையமாத் தெரியுமே அது, நம்ம நாட்டு வழியாவே போகுது. அதுக்கும் கதவைச் சாத்திட்டு உட்கார்றதா?

பிறை டீச்சர்:
தனம், நீங்க சொன்னதுல காசே செலவாகல பாருங்க. நான் கேக்குறதும் அதான். ஏப்ரல் 3, 4 வாக்கில பினாங்குல சூரியன் நேர் உச்சிக்கு வரும். செப்டம்பர் 8, 9 வாக்கில இன்னொரு தடவை. கொடிக்கம்பத்து நிழல் காணாமப் போற நேரம் 12 மணி இல்ல, ஏப்ரல்ல 1.20 தாண்டித்தான். 1982ல சபா சரவாக் நேரத்தோட சேர்க்க நம்ம கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளினாங்க, அதுக்கு முன்னாலயும் அது சூரியனை முந்தித்தான் ஓடுச்சு. ஒரு பிள்ளை கம்பத்தடியில சாக்பீஸால கோடு போட்டு இதைத் தானே கண்டுபிடிச்சா, படிவம் 4 வரைக்கும் மறக்காது.

தொலைநோக்கிக்கு நான் இன்னும் சம்மதிக்கல. வாங்கியே ஆகணும்னா, பக்கத்துல நின்னு விளக்கிச் சொல்றது நம்ம டியூசன் பிள்ளைங்களா இருக்கணும். ரெண்டு மாசம் சனிக்கிழமை வகுப்புல பழகிட்டு வரட்டும். பெரியவங்க மைக் பிடிக்கக் கூடாது.

ஆயர் ஈத்தாம் குமரன்:
பிள்ளைங்க பேசட்டும், அதுக்கு முழுச் சம்மதம். ஆனா தொலைநோக்கியை வாடகைக்கு எடுக்காம வாங்கணும்னுதான் கேப்பேன். மத்த நாள்ல பள்ளிப் பள்ளியா சுத்தட்டும்.

பிறை டீச்சர்:
வாங்குறதுக்கு முன்னால சனிக்கிழமை வகுப்புக்கு இடம் சொல்லுங்க. அது இல்லாம என் ஓட்டு கிடையாது.

சுங்கை பாக்காப் தனம்:
எங்க கோயில் மண்டபம் சனிக்கிழமை காலையில சும்மாதான் கிடக்கு. தலைவர்கிட்ட இன்னைக்கு ராத்திரியே கேட்டுச் சொல்றேன்.