கடைசி ஆறு நிமிடத்தில் களத்தில் யார்?

அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் சீனியர்களுக்கு முதலிடமா, சின்னப் பையன்களுக்கு முதலிடமா என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டீர்கள். என் பங்குக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். வசிப்பது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில். எங்கள் அபார்ட்மென்ட்டில் மதுரைக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். அவர் சீனியர் கட்சி, நான் ஜூனியர் கட்சி. எங்கள் சண்டையில் பாதி அவர் வீட்டு சோபாவில்தான் நடந்தது.

2022 ஜனவரி 9, வாரியர்ஸின் சொந்த அரங்கமான சான் பிரான்சிஸ்கோ சேஸ் சென்டரில் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முழங்கால், பிறகு குதிகால் என்று 941 நாள் ஆடாமல் இருந்த கிளே தாம்சன் திரும்பி வந்த நாள். பயிற்சியின்போது அணி முழுக்க அவருடைய 11ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். டிரேமண்ட் கிரீனுக்குக் கெண்டைக்காலில் வலி. ஆனாலும் நண்பனோடு களத்தில் நிற்க வேண்டும் என்று முதல் ஏழு வினாடி மட்டும் நின்றுவிட்டு வெளியே போனார். கிளே ஓடிப்போய் எகிறிப் பந்தை வளையத்துக்குள் திணித்து ஒரு டங்க் அடித்ததும் அரங்கமே எழுந்துவிட்டது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் பாப்கார்ன் உப்பு என்றார்.

எனக்கோ பார்வையெல்லாம் பெஞ்சில் இருந்த ஜோர்டன் பூல் மேல். ஒரு வருஷம் முன்னால் ஜி லீக் என்ற கீழ்நிலைப் போட்டியில் கிடந்த பையன், அந்த சீசனில் தொடக்க ஐவரில் ஒருவனாக உயர்ந்திருந்தான். "இவன் என்ன தப்பு செஞ்சான் அண்ணே?" என்றேன். "வீட்டுக்காரர் ஊர்ல இருந்து வந்துட்டா கட்டிலைக் காலி பண்ணத்தான் தம்பி வேணும்" என்றார்.

அதற்குப் பதில் ஏப்ரலில் கிடைத்தது. பாதக் காயத்திலிருந்து திரும்பிய ஸ்டெஃப் கர்ரியே, அணியின் முதல் நட்சத்திரமே, பிளேஆஃப் சுற்றில் டென்வருக்கு எதிரான முதல் நான்கு ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து வந்தார். பூல் தொடக்கத்தில் இறங்கி முதல் ஆட்டத்திலேயே 30 பாயிண்ட் எடுத்தான். ஜூனில் இறுதித் தொடரில் பாஸ்டனை 4-2 என்று வென்று கோப்பை வந்தது. தன் கட்சி ஜெயித்ததாக அண்ணனும் சொன்னார், நானும் சொன்னேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அக்டோபரில் பயிற்சியில் டிரேமண்ட் பூலைக் குத்திய வீடியோ வெளியானது. 2020இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது தேர்வாக எடுத்த வைஸ்மன் 2023 பிப்ரவரியில் வேறு அணிக்குப் போனான். அந்தக் கோடையில் பூலைக் கொடுத்துவிட்டு 38 வயது கிறிஸ் பாலை வாங்கினார்கள். சாம்பியன்களோடு சேர்த்து அடுத்த தலைமுறையையும் வளர்க்கிறோம் என்ற திட்டம் அங்கேயே பாதி செத்துவிட்டது என்பது என் கருத்து.

அண்ணனுக்கு எப்போதும் ஒரே உதாரணம்: ஆந்த்ரே இக்வடாலா. அதுவரை ஆடிய 758 ஆட்டத்திலும் தொடக்கத்தில் இறங்கியவர், 2014இல் ஸ்டீவ் கெர் கோச்சாக வந்ததும் 22 வயது ஹாரிசன் பார்ன்ஸுக்கு இடம் விட்டார். 2015 இறுதித் தொடரில் 1-2 என்று பின்தங்கியபோது மறுபடி தொடக்கத்துக்கு வந்தார், அடுத்த மூன்றையும் வென்றார்கள், தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். "பார், விட்டுக்கொடுத்தவனுக்கு என்ன கிடைச்சதுன்னு" என்பார். அவர் வசதியாக மறப்பது ஒன்று உண்டு. இக்வடாலா விட்டுக்கொடுத்தது ஆட்டத்தின் தொடக்கத்தை மட்டும்தான். இழுபறி ஆட்டங்களின் முடிவில் அவர் களத்தில்தான் நின்றார்.

இது எனக்கே 2024 ஜனவரி 4 அன்றுதான் உறைத்தது. டென்வரோடு ஆட்டம், நான்காவது கால்பகுதியில் 18 பாயிண்ட் முன்னிலை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த 21 வயது குமிங்காவைக் கடைசி 18 நிமிடமும் இறக்கவில்லை. முன்னிலை கரைந்தது. டென்வரின் நட்சத்திரம் யோகிச் பாதி மைதானத்துக்குப் பக்கத்திலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே போனது. அண்ணன் ரிமோட்டைத் தேடினார். மறுநாளே குமிங்காவுக்குக் கோச் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று செய்தி வந்தது. "பொறுமையில்லாத பையன்" என்றார் அண்ணன்.

சரி, அதற்கு மூன்று வாரம் முன்னால் ஃபீனிக்ஸில் என்ன நடந்தது? ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கிளேயை உட்கார வைத்துவிட்டு ரூக்கி (முதல் வருஷ வீரர்) போட்ஜெம்ஸ்கியை ஆடவிட்டார்கள். கிளேயின் கோபம் டிவியிலேயே தெரிந்தது. நான்கு கோப்பை வென்ற கிளேக்கும் நேற்று வந்த பையன் குமிங்காவுக்கும் மனக்குறை ஒன்றேதான். கல்லூரி அணியில் என்னையும் இப்படித்தான் தொடக்கத்தில் இறக்கிவிட்டு முடிவில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார வைப்பார்கள், அந்த எரிச்சல் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 15 அன்று யூட்டாவில் கிளேயையே பெஞ்சுக்கு அனுப்பினார்கள், ரூக்கி வருஷத்துக்குப் பிறகு முதல் முறை. வந்து 35 பாயிண்ட் அடித்தார். மூச்சுக்கு மூச்சு ஜூனியர் என்று பேசிய நான் அன்று கைதட்டியது அந்த 34 வயதுக்காரருக்கு. ஆனால் கோடையில் அவர் டாலஸுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 12 அன்று டாலஸ் சட்டையில் வந்தார். வாரியர்ஸில் ஆடியபோது படகில் அரங்கத்துக்கு வரும் பழக்கம் இருந்தவர் என்பதால், வந்த ரசிகர்களுக்கெல்லாம் கேப்டன் தொப்பி கொடுத்தார்கள். கிளே 22 பாயிண்ட். கடைசி மூன்று நிமிடச் சொச்சத்தில் கர்ரி 12 பாயிண்ட் குவித்து ஆட்டத்தைப் பிடுங்கிவிட்டார். திரும்பும் ரயிலில் அண்ணன் தொப்பியைக் கழற்றவேயில்லை.

"36 வயசு, பார்த்தியா?" என்றார்.

"ஒருநாள் கர்ரிகிட்டயும் கடைசி ஆறு நிமிஷம் உட்காருங்கன்னு யாராவது சொல்லணுமே அண்ணே?"

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "அன்னைக்கு நான் மேட்ச் பார்க்கல, நீ வந்து ஸ்கோர் மட்டும் சொல்லு."