ரிஃபெல்பெர்க் சரிவில் சிலந்திவலைச் செடி

ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எடெல்வைஸ் பூவைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஜூலை மாதத்தில் பாறை இடுக்குகளில் பூத்துக் கிடக்கும் செம்பர்விவம் என்ற சதைப்பற்றுச் செடிக்கு ஈடாக அங்கே வேறு பூ இல்லை.

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில், 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயிலில் ஏறி, 2,582 மீட்டர் உயரத்தில் உள்ள ரிஃபெல்பெர்க்கில் இறங்கினோம். அங்கிருந்து ரிஃபெல்ஆல்ப் வரை நடை. உடன் வந்தவர்கள் மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, நான் பாதையோரப் பாறை ஒன்றின் முன் மண்டியிட்டுவிட்டேன். செம்பர்விவம் அராக்னாய்டியம்! சதைப்பற்றான குட்டி இலைகள் வட்ட வட்டமாக நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொரு வட்டமும் ஒரு நாணய அளவுதான். ஓர் இலை நுனியிலிருந்து மறு இலை நுனிக்கு வெள்ளை இழை ஓடுகிறது. சிலந்தி கட்டியது என்றே சொல்லத் தோன்றும். ஆனால் அது செடியின் சொந்த முடி. நடுவிலிருந்து எழும்பிய தண்டின் உச்சியில் ரோஜா நிற நட்சத்திரப் பூக்கள், ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஒரு கருஞ்சிவப்புக் கோடு.

அந்த வெள்ளை இழைதான் கேமராவுக்குச் சோதனை. உச்சி வெயிலில் எடுத்தால் இழை வெளுத்துவிடும், பூவின் கோடும் மறைந்துவிடும். மேகம் மறைக்கும்வரை காத்திருங்கள், இல்லையேல் குடையைப் பிடியுங்கள். ஒளியளவைக் கொஞ்சம் குறைத்து, லென்ஸ் துளையை எஃப்/11 அளவில் வைத்தால் இழையும் பூவும் தெளிவாக விழும். காற்றுக்கு மட்டும் பொறுமையைத் தவிர மருந்தில்லை.

பூவை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டுத் திரும்புவது எனக்குச் சம்மதமில்லை. பூத்த வட்டம் அதோடு பட்டுப்போகும். குலை தள்ளிய வாழையைப் போல, பக்கக் கன்றுகள்தான் இனத்தைத் தொடரும். வாடத் தொடங்கிய தாய் இலைகளும் அதை ஒட்டி முளைத்த குட்டிகளும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி சற்றுப் பின்வாங்கி எடுங்கள். செடியின் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் காலடியைப் பார்த்து வையுங்கள். மெல்லிய மண்ணில் வேரூன்றியவை, பூட்ஸ் பட்டால் கொத்தாகப் பெயர்ந்து வந்துவிடும்.

அந்தப் பக்கம் போனால் மஞ்சள் பூக்கும் செம்பர்விவம் கிராண்டிஃப்ளோரத்தையும் தேடுங்கள். செர்மாட் அடங்கிய வாலே மாநிலத்தின் தெற்குப் பகுதியிலும் எல்லை தாண்டிய வடமேற்கு இத்தாலியிலும்தான் அது இயல்பாக வளர்கிறது. இதழடியில் ஊதா நிறம் இருக்கும், இலை பிசுபிசுக்கும்.