சரத்தை எண்ணாக்க ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

திருச்சி, கணினி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் முதலாண்டுக்கான சி மொழி ஆய்வகக் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் பயிற்சியில் நின்றுவிட்டேன். விசைப்பலகையில் 42 என்று தட்டினால் கணினியின் கையில் எண் எதுவும் இல்லை. 52, 50 என்று அந்த இரண்டு இலக்கங்களைக் குறிக்கும் ஆஸ்கி குறியீடுகள், வால் முடிய ஒரு சுழியம், அவ்வளவே. இந்த வரிசைதான் சரம் (string). ஒவ்வொன்றிலும் 48ஐக் கழித்து, முதலில் வந்ததைப் பத்தால் பெருக்கி, அடுத்ததைக் கூட்டினால்தான் நாற்பத்திரண்டு. இதைச் சி மொழியின் ஏடுஐ (atoi) என்ற செயற்கூறு (function) செய்து கொடுக்கிறது. ‘சரத்தை முழு எண்ணாக மாற்றுதல்’ என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் அட்டவணையின் கட்டத்தில் அடங்கவில்லை. ‘எண்ணாக்கம்’ என்று போடலாமா?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, ஏடு என்பது நெடிற்றொடர்க் குற்றியலுகரம். அதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் டகரம் இரட்டித்து ‘ஏட்டை’ ஆகும். ‘ஏடுஐ’ என்று எழுதக் கை கூசுகிறது. போகட்டும், அது அவர்கள் வைத்த பெயர்.

எண்ணாக்கம் குறையற்ற சொல். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டியது. ஆனால் நீங்கள் சொன்ன செய்முறையைப் படித்ததும் எனக்குத் தொல்காப்பியத்துக் குற்றியலுகரப் புணரியல்தான் நினைவுக்கு வந்தது. நான்கும் பத்தும் பெருகி நாற்பது. அதனோடு இரண்டு கூடி நாற்பத்திரண்டு. பெருக்கு, பிறகு கூட்டு. உங்கள் கணினி செய்வதை நம் எண்ணுப்பெயர்கள் வாய்க்குள்ளேயே செய்துகொண்டிருக்கின்றன! ஆகவே ‘எண்புணர்ச்சி’ என்பதே என் பரிந்துரை.

திருச்சி, கணினி ஆசிரியை:

ஐயா, விளக்கத்தை அப்படியே கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன், மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். அறுபது பேர், எல்லாருக்கும் பதினேழு பதினெட்டு வயது. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு என்னால் வகுப்பை நடத்த முடியாது.

பெங்களூரு, நிரலாளர்:

எண்ணாக்கத்துக்கு என் ஓட்டு. காரணம் வேறு. எண்ணா ஆக்கம், அதாவது யோசிக்காமல் செய்த வேலை என்றும் படிக்கலாம். ஏடுஐக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ‘12அ’ என்று கொடுத்தால் 12 என்று சொல்லிவிட்டு அகரத்தைக் கண்டுகொள்ளாது. ‘அ12’ கொடுத்தால் 0. வெறும் சரம் கொடுத்தால் 0. உண்மையிலேயே ‘0’ என்று கொடுத்தாலும் 0. பிழையா, விடையா என்று கேட்க வழியே இல்லை. இன்ட் (int) என்ற எண் வகையில் அடங்காத பெரிய எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தரநிலையே கை விரித்துவிடுகிறது. மாணவர்களுக்கு முதலிலேயே இதே வேலையைச் செய்யும் ஸ்டிர்டோல் (strtol) செயற்கூற்றைக் கற்றுக்கொடுங்கள். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தியது என்று அது ஒரு சுட்டியில் (pointer) குறித்துத் தரும். எல்லை மீறினால் எர்னோ (errno) என்ற பிழைக்குறியில் சொல்லும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

எண்ணா என்ற பெயரெச்சம் ஆக்கத்தோடு சேர்ந்தால் இடையே வகர உடம்படுமெய் வந்து ‘எண்ணாவாக்கம்’ என்றாகும். எனவே மயக்கத்துக்கு இடமில்லை. நகைச்சுவையும் புணர்ச்சி விதிக்கு உட்பட்டதே.

கோயம்புத்தூர், அகராதி ஆர்வலர்:

எண்ணாக்கம் இருக்கட்டும், ‘சரம்’ என்பதை யாரும் கேட்கவில்லையே? அது வடசொல். ‘எழுத்துக்கோவை’ என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், கேட்பார் இல்லை.

பெங்களூரு, நிரலாளர்:

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இயற்கணிதக் கோவை வந்துவிடுகிறது. நிரலிலும் கணிதக் கோவைகள் உண்டு. ஒரே வரியில் இரண்டு கோவை வந்தால் மாணவன் எதைக் கோப்பான்? ‘எழுத்து’ அதைவிடச் சிக்கல். ‘எண்’ என்ற சொல்லை யூடிஎஃப்-8 குறிமுறையில் வைத்து நீளம் கேட்டுப் பாருங்கள், 9 என்று வரும். எகரத்துக்கு மூன்று பைட், ணகரத்துக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று. சியின் கண்ணில் எழுத்து என்று ஒன்று கிடையாது, பைட்தான் உண்டு. பூக்காரரிடம் ஒரு முழம் சரம் கேட்டு வாங்கும் ஊரில் அந்தச் சொல்லுக்குக் குடியுரிமைச் சான்று கேட்க வேண்டாம்.

கோயம்புத்தூர், அகராதி ஆர்வலர்:

பூக்காரர் சொல்வதெல்லாம் தமிழ் என்றால் அகராதி எதற்கு?

யாழ்ப்பாணம், பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். முதல் மடலில் இருக்கும் ‘முழு எண்’தான் எனக்கு உறுத்துகிறது. ஏடுஐ கழித்தல் குறியையும் ஏற்கும். -42 கொடுத்தால் -42 வரும். இங்கே பள்ளிக்கூடத்தில் குறை எண்களும் சேர்ந்ததை நிறைவெண் என்கிறோம். உங்கள் பாடநூல்களில் ‘முழுக்கள்’ என்று இருக்கிறது. ‘முழு எண்கள்’ என்பது சுழியத்தில் தொடங்கி மேலே போகிறவை அல்லவா? அப்படியானால் கையேட்டில் கணிதமே பிழையாகிறது. செயற்கூற்றை நாங்கள் சார்பு என்போம், அதை இன்னொரு நாள் பேசலாம்.

திருச்சி, கணினி ஆசிரியை:

நீங்கள் சொல்வது சரி. ஆனால் ‘முழுவாக்கம்’ என்று எழுதினால் எதை முழுமையாக்குவது என்று கேட்பார்கள். ‘நிறைவெண்ணாக்கம்’ அழகாக இருக்கிறது, இங்கே யாருக்கும் புரியாது.

நேற்று ஆய்வகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிர்டோலையே முயன்று பார்த்தோம். எண்ணின் அடிமானம் (base) கேட்கும் இடத்தில் ஒரு மாணவி 0 என்று போட்டுவிட்டு, தன் வரிசை எண்ணை 010 என்று தட்டினாள். 8 என்று வந்தது. முன்னால் சுழியம் இருந்தால் அதை எட்டு அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். “அப்படியென்றால் எட்டாம் எண்காரன் யார், மேடம்?” என்றாள். அடுத்த அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. இனி அடிமானம் 10 என்று எழுதிக்கொடுத்துவிடப் போகிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

ஒரு ஐயம். ௪௨ என்று தமிழ் எண்ணில் தட்டினால்?

பெங்களூரு, நிரலாளர்:

0தான், ஐயா. முதல் பைட்டே அதற்கு இலக்கமாகத் தெரியாது.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அப்படியானால் அதற்கு எண்ணாக்கம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

திருச்சி, கணினி ஆசிரியை:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் ‘எண்ணாக்கம்’. முதல் பத்தியில் ஒரே ஒரு முறை, ‘சரத்தை முழுக்களில் ஒன்றாக மாற்றுதல்’ என்ற விளக்கம். சரம் சரமாகவே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

கோயம்புத்தூர், அகராதி ஆர்வலர்:

இரண்டாம் பதிப்பு எப்போது?