பரண் சாமானை இங்கிலீஷில் லிஸ்ட் போடுவது எப்படி?

ஓசூர்வாசி:
வீடு மாற்றி பெங்களூர் போகிறோம். லாரி புக்கிங்கில் சாமான் லிஸ்ட்டை இங்கிலீஷில் கேட்கிறார்கள். பரணில் எவர்சில்வர் தட்டு, பித்தளை அண்டா, பாய், மெத்தை, ராகி மூட்டை எல்லாம் இருக்கிறது. தொகுத்து எழுத என்ன சொற்கள்? 'எ செட் ஆஃப் பிளேட்ஸ்' என்று போட்டால் அடுத்து இஸ்ஸா, ஆரா?

பாலக்கோடு:
இஸ். தலைச்சொல் செட், அது ஒருமை. 'டூ செட்ஸ்' ஆனால் ஆர். இடறுவது இங்கேதான்: 'எ நம்பர் ஆஃப் பாக்ஸஸ் ஆர்', ஆனால் 'தி நம்பர் ஆஃப் பாக்ஸஸ் இஸ்'. முன்னது 'பல பெட்டிகள்', பின்னது பெட்டிகளின் எண்ணிக்கை.

செட் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. 'எ செட் ஆஃப் ட்வெல்வ் ஸ்டீல் பிளேட்ஸ்' என்று எண்ணைப் போடுங்க. இல்லையென்றால் இரண்டு தட்டு குறைந்தாலும் கேட்க வழியில்லை. கயிறு போட்டுக் கட்டிய பாய் என்றால் 'எ பண்டில் ஆஃப் ஃபோர் மேட்ஸ்'.

கெலமங்கலம்:
ஃபர்னிச்சர், லக்கேஜ், பெட்டிங் (படுக்கைச் சாமான்), கட்லரி, கிராக்கரி எதற்கும் எஸ் சேராது. 'ஃபர்னிச்சர்ஸ்' கடைப் பலகையோடு இருக்கட்டும்! எண்ணிக்கை வேண்டுமா, 'த்ரீ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'.

கிராக்கரி என்றால் பீங்கான். எவர்சில்வரை அதில் சேர்த்தால் எந்தப் பெட்டி உடையும், எது உடையாது என்று ஏற்றி இறக்குபவருக்குத் தெரியாது. கட்லரி என்பது சாப்பிடும் ஸ்பூன், ஃபோர்க், கத்தி; குழம்புக் கரண்டி 'கிச்சன் யுடென்சில்ஸ்' பக்கம் போகும். அண்டாவுக்கு 'பிராஸ் வெசல்ஸ்' போதும், பெங்களூரில் புரியும். வெளிநாட்டுக்கு அனுப்பும் லிஸ்ட்டில் அதையே எழுதினால் குழப்பம் வரலாம், வெசல் என்றால் கப்பல் என்றும் பொருள் உண்டு. அங்கே 'பிராஸ் பாட்ஸ்'.

பென்னாகரம்:
ராகியை விட்டுட்டீங்க. 'எ ராகி சாக்' என்றால் ராகிக்கான கோணி, காலியாகவும் இருக்கலாம். உள்ளே ராகி இருந்தால் 'எ சாக் ஆஃப் ராகி'. எண்ணெய் டின்னுக்கும் இதே கதைதான். எடையை முன்னால் போட்டால் ஒருமை: 'எ ஃபிஃப்டி கிலோ சாக் ஆஃப் ராகி'. அங்கே கிலோஸ் வராது.

ஓசூர்வாசி:
நன்றிங்க. சில்லறைச் சாமானுக்கு 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' போடலாமா?

பாலக்கோடு:
பேச்சுக்குச் சரி, லிஸ்ட்டில் 'மிசலேனியஸ் ஐட்டம்ஸ்'. ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் போடுங்க. விலை உள்ளது எதையும் அதற்குள் வைக்காதீங்க. இன்னொன்று: புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு ஏற்றிப் போக எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) தேவையில்லை. அதனால் லிஸ்ட்டின் தலைப்பிலேயே 'யூஸ்டு ஹவுஸ்ஹோல்டு குட்ஸ்' என்று எழுதிடுங்க.