ஆரல் கடலைக் கொன்றது யார்? மறுபடியும் வோயெய்கோவ்

கரிசல்: "சோவியத் சித்தாந்தம்தான் மத்திய ஆசியாவின் ஆரல் கடலை வற்றவைத்துக் கொன்றது" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். அந்தக் கடலுக்குப் போகும் ஆற்றுநீரை வயலுக்குத் திருப்பச் சொன்ன வோயெய்கோவ், ஜார் காலத்து வானிலை அறிஞர். செத்தது 1916. புரட்சி 1917. கணக்குத் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்.

நீலக்குயில்: மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1954-ல், ஆரலுக்குப் போகும் அமு தார்யா ஆற்றின் நீரைத் திருப்ப, காராகும் கால்வாயை வெட்டத் தொடங்கியது வோயெய்கோவின் ஆவியா? பாலைமணலில் பூச்சில்லாமல் வெட்டினார்கள், தண்ணீர் கசிந்தது. வடிகால் சரியில்லாத பருத்தி வயலில் நிலத்தடி நீர் ஏறும், கூடவே உப்பும். அதைக் கழுவ விதைப்புக்கு முன்பே ஒரு தண்ணீர் விடவேண்டும். கழுவிய உப்பும் பூச்சிமருந்தும் திரும்ப ஆற்றுக்கே. 1960-ல் கடலில் லிட்டருக்கு 10 கிராம்தான் உப்பு; அது ஏறி ஏறி, 1980-களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது.

கரிசல்: கசிவு பொறியியல். நான் பேசுவது அறம். 1916.

மணிமுத்தாறு: ஆரல் என்றால் குளத்து மீன் ஐயா. 'ஏரல்' என்று எழுதுங்கள்.

நீலக்குயில்: ஏரலில் ஓடுவது தாமிரபரணி. ஆரலுக்குப் போகும் சிர் தார்யா இல்லை.

பனைமரம்: அறம் என்றால் தத்துவ அறிஞர் ரௌட்லிக்குப் போங்கள். 1973-ல் பல்கேரியாவின் வார்னாவில், உலகத் தத்துவ மாநாட்டில் கேட்டார்: கடைசி மனிதன் சாகுமுன் மற்ற உயிர்களையெல்லாம் அழித்தால் தப்பா? மனிதப் பயனை மட்டும் எடைபோடும் அறத்தால் தப்பென்று சொல்ல முடியாது. பருத்தி வருமானம் மீனைவிட அதிகம் என்று கணக்குப் போட்டவர்கள் பிடித்த தராசும் அதுதான்.

கரிசல்: பயன்வாதம் இங்கிலாந்துச் சரக்கு தோழர். மார்க்ஸ் தலையில் கட்டாதீர்கள். 1919-ல் வோல்கா முகத்துவாரத்தில் அஸ்ட்ரகான் இயற்கைக் காப்பகம் வந்தது யார் ஆட்சியில்?

நீலக்குயில்: 1951-ல் 128 காப்பகங்களை 40 ஆக்கியது யார் ஆட்சியில்? அதுவும் வோயெய்கோவா?

கரிசல்: அது ஸ்டாலின். சித்தாந்தம் வேறு, ஸ்டாலின் வேறு.

நீலக்குயில்: ஸ்டாலின் செத்தது 1953. கால்வாய் 1954. செத்த வருஷம் பார்ப்பதில் கெட்டிக்காரர் ஆயிற்றே நீங்கள்?

மணிமுத்தாறு: மீன் பெயருக்கு இன்னும் பதில் வரவில்லை.

பனைமரம்: 2005-ல் கஜகஸ்தான் கோக்-அரால் அணையைக் கட்டியதும் வற்றிப் பிரிந்த ஆரலின் வடக்குப் பகுதி, கடல்மட்டத்துக்கு மேல் 42 மீட்டர் என்ற அளவுக்கு ஏறி மீன் திரும்பியது. மனம் இருந்தால்...

கரிசல்: அதற்கு உலக வங்கிப் பணம். வங்கிக்கு அறம் உண்டாக்கும்! சோவியத் உடைந்த 1991-க்குப் பிறகு உஸ்பெகிஸ்தான் பருத்தியை விட்டதா? போன மாதம் செர்னோபில் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள். 1916-க்குப் பதில் எங்கே?